காந்தம் ஒட்டாத பாத்திரம்

பாத்திரக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் பாத்திரத்தை ஒரு தட்டு தட்டுவார்கள். 'டங்' என்று சத்தம் வந்ததும், ஏதோ அவர்களே பாடி முடித்த மாதிரி நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாமும் தலையை ஆட்ட வேண்டும். அந்தச் சத்தத்திலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. பெயின்ட் டப்பாவைத் தட்டினாலும்தான் சத்தம் வருகிறது.

அதனால்தான் அக்காவுக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கக் கிளம்பியபோது, சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டேன்.

காந்தத்துக்குப் பஞ்சமில்லை. குரோம்பேட்டையில் ஸ்பீக்கர், மிக்ஸி, செல்போன் எல்லாம் பழுது பார்க்கிற கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கில் பாதியிலேயே எனக்கும் படிப்புக்கும் ஒத்துவரவில்லை. நான் அதை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. செத்துப்போன ஒரு ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த காந்தம் அது. வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு, சட்டைப் பை தொங்குகிற அளவுக்குக் கனமாக இருந்தது. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று யாரோ ஒருவர் கைபேசி வீடியோவில் சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை. ஆனால் காந்தம் பொய் சொல்லாது அல்லவா.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அனகாபுத்தூரில். மாமியார் வீட்டோடுதான் இருந்தாள். மாமாவுக்கும் அவளுக்கும் வேலை இந்தப் பக்கம் என்பதால் அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். தனிக்குடித்தனம் என்ற வார்த்தை அத்தை காதில் விழுந்ததும், அதாவது அக்காவின் மாமியார் காதில் விழுந்ததும், அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். சிரித்தார்.

"போங்கம்மா, நல்லா இருங்க. ஞாயித்துக்கெழம நான் வர்றேன். உன் கையால சமைச்சுப் போடு. சோறு சோறா இருந்தா அங்கயே இருங்க. இல்லன்னா அன்னிக்கே சாமானக் கட்டிகினு என்கூட கெளம்பிடுங்க."

மாமாவும் சிரித்துக்கொண்டே "சரிம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் எதற்கும் சரிம்மா சொல்லுகிற ரகம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மாமியார் வீட்டு அடுப்பில் அவளைக் காய்கறி நறுக்குவதற்கு மேல் விட்டதே இல்லை. நறுக்கியதையும் அத்தை ஒருமுறை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். தறி போட்ட குடும்பம். துணியைத் தொட்டுப் பார்த்த கை. வெண்டைக்காயையும் அப்படித்தான் பார்க்கும்.

தனிக்குடித்தனத்துக்குப் பாத்திரம் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அம்மாவுக்கு அதில்தான் பயம். ஏனென்றால் கல்யாணச் சீரில் நாங்கள் கொடுத்த ஒரு தவலை துரு பிடித்துவிட்டது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தவலையில் மண்ணைப் போட்டு, ஒரு குரோட்டன்ஸ் செடியை நட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் வைத்துவிட்டார். அம்மா அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் செடியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"இந்த தபா கடைக்காரன் எவன் சொல்றதையும் நம்பக்கூடாதுடா" என்றாள் அம்மா.

"நீ என்னையே நம்பமாட்ட. கடைக்காரனையா நம்பப்போற?"

"உன்ன எப்டிடா நம்புறது? சக்கர டப்பால ரவய கொட்டி வச்சவன்தான நீ?"

அது உண்மைதான். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று. காபியைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருந்த ஒரே ஆள் மாமா. அதனால்தான் அந்தச் சம்பந்தம் அமைந்தது என்பது என் கட்சி. அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை.

கடைக்குப் போகும் முன் காந்தத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். அம்மா சமையலறையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். டம்ளரில் ஒட்டவில்லை. தட்டில் ஒட்டவில்லை. அம்மா பெருமையாக வைத்திருந்த சாம்பார் தேக்சாவில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அது அம்மாவுக்கு அவள் தம்பி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது. அம்மா காந்தத்தை இழுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி ஒட்டியது.

"அப்பவே நெனச்சேன்" என்றாள். "கவர்ல போடாம பேப்பர்ல சுத்திகினு வந்தான்."

ஒரு காந்தம் இத்தனை சீக்கிரம் ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

முதலில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். அங்கே தார்ப்பாய் விரித்துப் பாத்திரங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடைக்காரம்மா, நான் காந்தத்தை எடுத்ததுமே ஒரு சாக்கால் தன் சரக்கை மூடினார்.

"இன்னா தம்பி, பாத்திரம் வாங்க வந்தியா, பேய் ஓட்ட வந்தியா?"

"உங்க பாத்திரத்துல பேய் இல்லன்னா ஏன் மூடுறீங்க?"

"காந்தத்த வச்சிப் பாத்து வாங்குறவன் கட்டிக்கப்போற பொண்ணு பாவம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதற்கு மட்டும் தலையை ஆட்டினாள். அங்கே ஒட்டாதது எதுவுமே இல்லை. கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து ரயிலேறி மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷனை ஒட்டின தெருவில் ஒரு பெரிய பாத்திரக் கடைக்குப் போனோம். வாசலிலிருந்து கூரை வரைக்கும் எவர்சில்வர். உள்ளே நுழைந்தால் நம் முகமே நூறு இடத்தில் நம்மைச் சந்தேகமாகப் பார்க்கும். கல்லாவில் ஒரு அண்ணாச்சி. நாங்கள் குண்டான் என்று வாயைத் திறந்ததுமே ஒன்றை எடுத்து 'டங்' என்று தட்டினார்.

"நம்பர் ஒன் சரக்கும்மா. முந்நூத்தி நாலு கிரேடு. ஸ்டிக்கர் பாருங்க."

ஸ்டிக்கரைப் பார்த்தேன். பளபளவென்று 304 என்று போட்டிருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து லேசாகச் சுரண்டினேன். ஸ்டிக்கர் சுருண்டு வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 202, விலை குறைந்த கிரேடு.

"அண்ணாச்சி, இது முந்நூத்தி நாலா, எரநூத்தி ரெண்டா? இல்ல ரெண்டையும் கூட்டிக்கணுமா?"

அண்ணாச்சி அசரவில்லை. "பசங்க மாத்தி ஒட்டிட்டானுங்க போல. ஸ்டிக்கர்ல என்ன இருக்கு தம்பி? நெசமான கிரேடுன்னா அடியில அச்சு குத்தியிருக்கும். இரு, அத எடுக்கேன்." பரண் மேலிருந்து வேறு குண்டான் வந்தது. அடியில் எண் அழுத்திக் குத்தியிருந்தது. நகத்தால் சுரண்டினால் நகம்தான் போனது.

அதுவரைக்கும் சொன்ன பொய்யைப் பிடித்துவிட்டதால், அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் நம்புவதாக இல்லை. நானே பார்த்தேன். கையில் எடுத்தால் கனம் இருக்கிறதா. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வருகிறதா. வந்தால் அது பாத்திரம் இல்லை, பொம்மைக் கடையில் விற்கும் தவளை. விளிம்பு கையைக் கிழிக்காமல் உருட்டி மடித்திருக்கிறதா. கைப்பிடியை ஆணி வைத்து அடித்திருக்கிறார்களா, இல்லை சும்மா சூட்டில் ஒட்டவைத்திருக்கிறார்களா. ஒரு வாணலியின் கைப்பிடியைப் பிடித்து நான் ஆட்டிய ஆட்டில் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"அத கழட்டிட்டுத்தான் போவியா?"

"கழண்டா இங்கயே கழலட்டும் அண்ணாச்சி. அங்க போய் கழண்டா மாமியார் அதுல செடி நடுவாங்க."

கடைசியில் காந்தம். அங்கேதான் ஒரு விசித்திரம். கனமான, அச்சு குத்திய, கைப்பிடி ஆடாத சில பாத்திரங்களில் பக்கவாட்டில் காந்தம் ஒட்டவில்லை. அடியில் மட்டும் ஒட்டியது. குக்கர் ஒன்று அப்படி. அழகான சாஸ்பான் ஒன்று அப்படி. எனக்குப் புரிந்துவிட்டது. வாங்குகிறவன் பக்கவாட்டில்தானே பார்ப்பான் என்று அடியில் மட்டும் மட்டமான சரக்கைப் போட்டு ஏமாற்றுகிறார்கள்.

"இதெல்லாம் வேணாம்" என்று ஒதுக்கினேன்.

"தம்பி, அதுதாம்பா நல்ல பாத்திரம். வீட்ல என்ன அடுப்பு?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். எனக்கும் அதே சந்தேகம்தான். கடைக்காரன் வீட்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் நம்மை எடைபோடுகிறான் என்று அர்த்தம். எந்த ஏரியா, சொந்த வீடா, என்ன அடுப்பு என்று கேட்டு அதற்குத் தகுந்த மாதிரி விலை சொல்லுவான்.

"விறகு அடுப்பு" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் ஜீன்ஸைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஆமாங்க, விறகுதான்" என்றாள். அம்மாவுக்கு இந்தத் திறமை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப சரி" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காந்தம் ஒட்டாததை மட்டும் பொறுக்கி எடுத்தோம். சோற்றுக்கு ஒரு பெரிய குண்டான், சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, வாணலி, பால் பாத்திரம், மூடிகள். அக்கா மாமியாருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய சரக்கு. ஒவ்வொன்றிலும் 'தாய்வீட்டுச் சீர்' என்று வெட்டச் சொன்னாள் அம்மா. அண்ணாச்சி பேர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"நல்லா பாத்துக்கிட்டீங்களா? எழுத்து விழுந்தா திருப்பி எடுக்கமாட்டேன்."

"நாங்க எதுக்குத் திருப்பப் போறோம்?" என்றாள் அம்மா.

மிஷின் டர்ர்ரென்று பல் கூசும்படி கத்தியது. ஒவ்வொன்றாக எழுத்து விழுந்தது. அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும்தான் அஸ்தினாபுரம் போனேன். அம்மா வரவில்லை. வந்தால் தாயார்தான் சமைத்தாள் என்று சம்பந்தியம்மா சொல்லிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. "நான் வீட்ல இருக்குறத நாலு பேரு பாக்கட்டும்" என்று காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பால் காய்ச்சிய அன்று எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அம்மா போயிருந்தாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா, ரிட்டயர்டு டீச்சர், பால் காய்ச்சுவதற்காகத் தன்னுடைய சின்ன கேஸ் அடுப்பை மேலே கொடுத்து அனுப்பியிருந்தார்களாம். அம்மா பார்த்தது அதைத்தான். அந்த அடுப்பு அன்றைக்கே கீழே இறங்கிவிட்டது என்பதும், புது கேஸ் கனெக்‌ஷன் வரும்வரை சமாளிக்க மாமா வேறு அடுப்பு வாங்கியிருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. மாமா அனகாபுத்தூருக்கு அத்தையை அழைத்துவரப் போயிருந்தார். அக்கா காய்கறியை எல்லாம் கழுவி வைத்துவிட்டு, குளித்து, ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரத்துக்காகக் காத்திருந்தாள். பாத்திரங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சூப்பரா கீதுடா. நீயா செலக்ட் பண்ண?"

"பின்ன? அம்மாவா?"

சாம்பார் குண்டானில் தண்ணீரும் பருப்பும் போட்டு மேடையில் இருந்த கறுப்புக் கண்ணாடி மேல் வைத்து ஒரு பட்டனை அழுத்தினாள். அது பீப் பீப் என்றது. ஒரு சிவப்பு எழுத்து மின்னியது. அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி பீப். குண்டானை நகர்த்தி வைத்தாள். பீப். சோற்றுக் குண்டானை வைத்தாள். பீப். வாணலியை வைத்தாள். பீப்.

மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்?"

"நேத்து அவரு பால் வச்சிப் பாத்தாரு, நல்லா வேல செஞ்சுது. நீ வந்து நின்ன, நின்னுடுச்சி. ஒழுங்கா சொல்லு. எத புடுங்கி வச்ச?"

"அக்கா, அத நான் தொடவே இல்ல."

"உன் கடைல இந்த வேலதான பாக்குற? ஏதாவது வொயர உருவியிருப்ப. டேய், எங்க மாமியார் வந்துகினு கீறாங்கடா. இன்னிக்கு வெளையாடாத. வேற எந்த நாள் வேணாலும் பண்ணு."

நான் சத்தியம் செய்தேன். அம்மா தலைமேல் சத்தியம் செய்தேன். அது வேலைக்கு ஆகவில்லை, ஏனென்றால் ரவை விஷயத்திலும் அம்மா தலைமேல்தான் செய்திருந்தேன். என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே கனமாக ஏதோ இருந்தது. கையை விட்டு எடுத்தாள்.

"இது இன்னாடா?"

"காந்தம்."

"காந்தம் எதுக்கு? இத வச்சித்தான் கெடுத்தியா?"

"பாத்திரம் வாங்க. நல்ல பாத்திரத்துல ஒட்டாது." சொல்லிக்கொண்டே வரும்போது வாய் தானாக நின்றது. எங்கள் கடைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு பழுதுக்கு வரும். முதலாளி அதைச் சரிசெய்ததும் ஒரு பழைய இரும்புச் சட்டியைத்தான் மேலே வைத்துப் பார்ப்பார். ஏன் அந்த அழுக்குச் சட்டியை விடமாட்டேன் என்கிறார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அக்கா கையிலிருந்த காந்தத்தை வாங்கி, மாமா பால் வைத்துப் பார்த்த சின்னப் பாத்திரத்தின் அடியில் வைத்தேன். டக் என்று பிடித்தது. தாய்வீட்டுச் சீரின் அடியில் வைத்தேன். நழுவிக் கீழே விழுந்தது.

"இந்த அடுப்புக்கு காந்தம் ஒட்டணும்கா" என்றேன்.

"நீ ஒட்டாததா பாத்து வாங்கிகினு வந்துகீற."

"ஆமா."

"அத்தனையும்."

"அத்தனையும்."

ஓடிப்போய் ஒரு பாத்திரம் மட்டும் வாங்கி வருகிறேன் என்று படியிறங்கி ஓடினேன். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரே பாத்திரக் கடை ஞாயிற்றுக்கிழமை என்று ஷட்டரை இழுத்திருந்தது. தாம்பரம் போய்த் திரும்பினால் அத்தை வந்து, சிரித்து, மூட்டையைக் கட்டி முடித்திருப்பார். மாமாவின் அந்தச் சின்னப் பாத்திரத்தில் ஒரு ஆளுக்கு ரசம் வைக்கலாம், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது கீழ்வீட்டு வாசலில் அக்கா சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சரம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் கேட்டைத் திறந்து வந்துகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் இந்தப் பையன்?"

"தம்பி ஆன்ட்டி. எங்க அடுப்பு வேல செய்யல. மாமியார் வர்றாங்க. ஒரு மணி நேரம் உங்க அடுப்ப குடுத்தீங்கன்னா."

"இண்டக்‌ஷன் நேத்துதானே வாங்கினீங்க? புதுசு எப்படி ரிப்பேர் ஆகும்?" டீச்சர் குரல். பதில் தப்பாகச் சொன்னால் மார்க் போய்விடும்.

"அடுப்பு ரிப்பேர் இல்ல ஆன்ட்டி. பாத்திரம் ரொம்ப நல்ல பாத்திரம்" என்றேன் நான்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பொய் சொல்லுகிற மாணவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த கண். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சாவியை எடுத்துவிட்டார். "ஒரு பர்னர்தான். இன்னொண்ணுல மட்டன் வைக்கணும். எங்க வீட்டுக்கும் சண்டே லஞ்ச் இருக்கு. தம்பி, நீ கிச்சனுக்குள்ள வரவேண்டாம்."

ஒரு பர்னரில் வரிசையாக வந்தது. சோற்றை வடித்து இறக்கினாள். பருப்பு வெந்தது. ரசம் பொங்கியது. உருளைக்கிழங்கு வறுபட்டது. நான் கேட்டில் காவல். டீச்சரம்மா அக்காவுக்குப் பின்னாலேயே நின்று தீயைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹை ஃப்ளேம் எதுக்கு? அடி கனமான பாத்திரம், சூடு நிக்கும்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அதைச் சொல்லிப் பெருமைப்பட நேரம் இல்லை. மாமாவின் பைக் தெருமுனையில் திரும்பியது.

அத்தை இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேராக மாடி ஏறிவிட்டார். தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கீழே ஓடி அக்காவிடம் சொன்னேன். அவள் சாம்பாரை எடுத்துக்கொண்டாள். நான் சோற்றை எடுத்துக்கொண்டேன். மாடிக்குப் போனோம். அத்தை சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பு ஜில்லென்று கிடந்தது. புகை இல்லை, வாசனை இல்லை, ஒரு கடுகு கூடச் சிதறவில்லை. எங்கள் இருவர் கையிலும் ஆவி பறக்கும் சோறும் சாம்பாரும்.

"எந்த மெஸ்ஸு?" என்றார் அத்தை.

"மெஸ்ஸு இல்ல அத்த. கீழ டீச்சர் வூட்ல வச்சி நான்தான் சமைச்சேன். இந்தப் பாத்திரம் இந்த அடுப்புல ஏறல."

"புதுப் பாத்திரம் புது அடுப்புல ஏறல." அத்தை ஒவ்வொரு வார்த்தையையும் தடவிப் பார்த்துச் சொன்னார். "அப்போ பக்கத்து வூட்ல சமைச்சிட்ட."

"ஆமா அத்த."

"சாம்பார்ல மட்டன் மசாலா வாசன வருது."

"அது டீச்சர் மட்டன் அத்த. பக்கத்து பர்னரு."

நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். மாமா எல்லாவற்றுக்கும் தயாராக சரிம்மா சொல்லக் காத்திருந்தார். அத்தை புடவையைச் செருகிக்கொண்டு மறுபடி படியிறங்கினார். ஏறினபோது பட்ட வலியெல்லாம் இறங்கும்போது இல்லை. நாங்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தோம். அவர் டீச்சரம்மா சமையலறைக்குள்ளேயே போய்விட்டார். குரல் மட்டும் கேட்டது.

"அந்தப் பொண்ணு இங்கயா சமைச்சுது?"

"என் சிலிண்டர்தானே செலவாச்சு. எனக்குத் தெரியாதா?" டீச்சரம்மா குரல்.

"நீங்க ஒண்ணும் பண்ணலியா?"

"நான் மட்டன் பண்ணேன். அது என் குடும்பத்துக்கு."

அத்தை விடவில்லை. குப்பைக்கூடையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கூடையில் உருளைக்கிழங்குத் தோல், தக்காளிக் காம்பு, புளிச்சக்கை, காலியான அப்பளக் கவர். மெஸ் பார்சலின் ஒரு நூல் கூட இல்லை. அத்தை அதில் கையை விட்டு ஒரு தோலை எடுத்துப் பார்த்ததாக டீச்சரம்மா பிறகு அக்காவிடம் சொன்னார். தோல் மெல்லிசாகச் சீவியிருக்கிறதா என்றும் பார்த்தாராம்.

மேலே வந்தார். கையைக் கழுவினார். சாம்பார் குண்டானின் காதைப் பிடித்துத் தூக்கினார். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, புடவைக் கரையைப் பார்ப்பது போல ஒரு சுற்று ஓட்டினார். எழுத்தைப் படித்தார்.

"கனமாத்தான் கீது" என்றார். உட்கார்ந்தார். "வை."

அக்கா பரிமாறினாள். அத்தை சோற்றை அழுத்திப் பார்த்தார். பிசைந்து வாயில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே அவர் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏன், நான் சாப்ட்டதே இல்லியா? உக்காருங்க எல்லாரும்." பிறகு, "ஒரு சிட்டிக உப்பு கம்மி. மாமனார் வூட்லயும் இப்டித்தான் சாப்புடுவாங்களா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"சரிம்மா" என்றார் மாமா, கேள்வி என்னவென்றே கவனிக்காமல்.

ரசத்துக்குச் சோறு வாங்கினார். அதன்மேல் இன்னொரு கரண்டியும் வாங்கினார். அக்கா போட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு அப்பளம் தின்றேன். சாமான் கட்டுவதைப் பற்றி யாரும் பேச்சு எடுக்கவில்லை. அந்த நேரம்தான் மோசமானது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் எடுப்பாரா, கிளம்பும்போது எடுப்பாரா என்று அக்கா என்னைப் பார்த்தாள், நான் மாமாவைப் பார்த்தேன், மாமா மோரைப் பார்த்தார்.

அத்தை தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். "கேஸ் கனெக்‌ஷன் எப்போ வருதாம்?"

"வர்ற வாரம்னு சொல்லிகீறான்மா."

"வர்ற வாரம்னா எந்தக் கெழம?"

"கெழம சொல்லல."

"சொல்லமாட்டான். இந்தப் பொண்ணு நல்ல பாத்திரத்த வச்சிகினு பக்கத்து வூட்டுப் படி ஏறி எறங்கிகினு கீது, இவன் வாரம்ன்றான்." அத்தையின் குரலில் இத்தனை நாள் அக்கா பக்கம் திரும்பியிருந்த கூர்மை அத்தனையும் இப்போது அந்தக் கேஸ்காரன் பக்கம் திரும்பியிருந்தது. "நாளைக்குக் காலைல நீ நேர்ல போய் நில்லு. போன்ல பேசாத. போன்ல பேசுறவன நம்பவே கூடாது. தேதி குடுக்குற வரைக்கும் அங்கயே நில்லு."

"சரிம்மா."

"சரிம்மான்னு என்கிட்ட சொல்லாத. இவகிட்ட சொல்லு. அடுப்பு இவளுது."